ஒரு பிடி சோறு

வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைகளின் ஆங்கிலம் கெட்டுவிடும் என்று தில்லி, மும்பை போன்ற நகரங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். பிள்ளைகள் 'எ ரைஸ்', 'எ பிரெட்' எனப் பிழைபடச் சொல்வதை அதற்குச் சான்றாகக் காட்டுகின்றனர். இவ்வச்சம் பொருந்தாது. உணவைக் குறிக்கும் தமிழ்முறையை நன்கறிந்த பிள்ளைக்கு ஆங்கில முறையும் எளிதில் விளங்கும்.

ஆங்கிலத்தில் 'எ', 'ஆன்' என்பவை ஒன்று என்னும் எண்ணுப்பெயரிலிருந்து தோன்றியவை. ஆதலால் அவை எண்ணத்தக்க பொருள்களுக்கு உரியவை. 'எ தோசா', 'ஆன் இட்லி' என்பவை சரியானவை. தமிழிலும் ஒரு தோசை, ஓர் இட்டிலி என்பதே முறை. உயிரொலிக்கு முன் தமிழில் 'ஓர்' வருவதைப் போல ஆங்கிலத்தில் 'ஆன்' வருகிறது.

சோறு, நீர், உப்பு ஆகியவற்றை அவ்வாறு எண்ண இயலாது. உணவைக் கேட்கும்போது 'ஒரு சோறு' என்று தமிழர் பொதுவாகச் சொல்வதில்லை. ஒரு பிடி சோறு, ஒரு குவளை நீர், ஒரு சிட்டிகை உப்பு என அளவுச்சொல்லை இடையில் வைப்பர். ஆங்கிலமும் 'எ கிளாஸ் ஆஃப் வாட்டர்', 'எ பின்ச் ஆஃப் சால்ட்' என்றே கூறும். இரு மொழிகளிலும் எண்ணப்படுவது அளவே; உணவன்று. எனவே 'எ ரைஸ்' என்னும் பிழைக்குத் தமிழ் காரணம் ஆகாது. வடநாட்டு ரொட்டியை ஒன்று, இரண்டு என எண்ணலாம். அப்பழக்கத்தால் பிள்ளைகள் 'எ பிரெட்' என்றும் சொல்லக்கூடும். 'எ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்' என்பதே சரி.

உணவகத்தில் 'ஒரு காப்பி' என்று கேட்பது போல 'எ காஃபி' என்று கேட்பதும் தவறன்று. அங்கே குவளை என்னும் சொல் மறைந்து நிற்கிறது.

'தி' என்னும் சொல்லில் மட்டும் தமிழின் துணை குறைவு. 'சோறு ஆறிவிட்டது' என்றால் எந்தச் சோறு என்பது இடத்தால் விளங்கும். ஆங்கிலத்திலோ குறித்த அச்சோற்றை 'தி ரைஸ்' என்றே சுட்ட வேண்டும். இதனைத் தனியே பயிலுதல் வேண்டும்.

பிழையைக் கண்டு நகைப்பதாலும் தமிழை விலக்குவதாலும் பயனில்லை. உணவு பரிமாறும்போது கவளம், குவளை, துண்டு, சிட்டிகை ஆகிய சொற்களைப் பெற்றோர் வழங்க வேண்டும். பிள்ளைகளும் அவற்றைச் சொல்லியே கேட்க வேண்டும். இச்சொற்கள் மறைந்த வீட்டில் தமிழ் தேயும். அதனால் ஆங்கிலம் வளர்ந்துவிடாது.