எங்க வயலா சோதனைக்கூடம்?



வேளாண்மை விரிவாக்க மையத்தில் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பாக்கெட் வாங்கி, தொழுவுரத்தில் கலந்து வயலில் போடுகிறோம். எதுக்கு? மண்ணுக்கு உயிர் சேர்க்க. அதே வயலில் அடிக்கச் சொல்லி மருந்துக்கடைக்காரர் 'நானோ சில்வர்' பாட்டிலை நீட்டுகிறார்!

வெள்ளி நோய்க்கிருமியைக் கொல்லும், மறுக்கவில்லை. ஆனா இது கெட்ட கிருமி, இது நல்ல கிருமின்னு அந்த வெள்ளித் துகளுக்குத் தெரியுமா? இலையில் அடிச்சது மழையில் கழுவி மண்ணுக்குத்தானே வரும்?

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் சாக்கடைக் கசடோடு நானோ வெள்ளியைக் கலந்து, திறந்தவெளித் தொட்டி மண்ணில் போட்டுப் பார்த்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். போட்டது கிலோ மண்ணுக்கு வெறும் 0.14 மில்லிகிராம். வெள்ளி கலக்காத கசடு போட்ட தொட்டியைவிட நுண்ணுயிர்களின் எடை 35 சதவீதம் குறைவு. எட்டு நாள் கழித்து நைட்ரஸ் ஆக்சைடு வாயு 4.5 மடங்காகக் கிளம்பியது. பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்து காத்தோட போச்சு!

மண்ணில் கந்தகத்தோடு சேர்ந்தால் வெள்ளியின் வீரியம் குறையுமாம். சரி, கரிசலில் எத்தனை நாளில் குறையும்? செம்மண்ணில்? சோதித்துக் காட்டிவிட்டு அப்புறம் விற்கட்டும்.

பாட்டிலில் வெள்ளி எவ்வளவு என்று தமிழில் அச்சிடு! நம்ம மண்ணில் சோதித்த முடிவை வெளியிடு!

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அவரவர் வாங்கிய பாட்டிலோடு வாங்க. காலியானாலும் பரவாயில்லை. ரசீது இருந்தா அதையும் மறக்காம எடுத்துட்டு வாங்க.