உறுதியில் பெயர், உரிமை எவரிடம்?

யாழ்ப்பாணத்துப் பெண் சொத்துடையவள் என்று நாம் பெருமை பேசுகின்றோம். அப்பெருமை பொய்யன்று. தாயின் சீதனம் மகளுக்குச் செல்வது தேசவழமையின் பழைய நெறி. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அவ்வழமையை எழுத்தில் தொகுத்தபோதே அந்நெறி வேரூன்றி நின்றது.

ஆனால் பெயர் வேறு, ஆட்சி வேறு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மனைவியின் தனிச் சொத்து அவளுடையதே என ஏற்றுக்கொண்டது. ஆயின், அவள் தன் காணியை விற்பதற்கும் ஈடு வைப்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டுமென விதித்தது. மரணசாதனத்தால் எவருக்கும் கொடுக்கலாம். உயிரோடிருக்கையில் சம்மதம் கேட்க வேண்டும்! 1923ஆம் ஆண்டில் பொதுச் சட்டத்துக்குட்பட்ட பெண்கள் இத்தளையினின்றும் நீங்கினர். தேசவழமைப் பெண்ணுக்கு அவ்விடுதலை கிட்டவில்லை. கணவனின் இருப்பிடம் தெரியாதவள் மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டியவளானாள். 2009ஆம் ஆண்டில் யுத்தம் ஓய்ந்த பின்னர், அவ்விதியின் பாரத்தைச் சுமந்த பெண்கள் எத்தனை பேர்!

கணவனின் கையெழுத்து குடும்பக் காணிக்குக் காவல் அன்றோ என்பர் சிலர். காவலெனின் அது இருபாலார்க்கும் பொதுவாதல் வேண்டும். கணவன் தன் முதுசத்தை விற்க மனைவியின் சம்மதத்தை அச்சட்டம் கேட்கவில்லையே!

இதைவிட விந்தை ஒன்றுண்டு. சொந்தக் காணியை விற்கத் தகுதியற்றவளென எண்ணப்பட்ட அதே பெண், நுண்கடன் வாங்குகையில் முழுத் தகுதி பெற்றவளானாள். அங்கே அவளது கையெழுத்தே போதுமாயிற்று. விளைவு என்ன? வரட்சி மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018ஆம் ஆண்டில் அரசே முன்வர நேர்ந்தது. உரிமை மறுக்கப்பட்டவளுக்குக் கடன் மட்டும் தாராளமாய்க் கிடைத்தது.

சட்டத்தைத் திருத்துவது அவசியம், அதுமட்டும் போதாது. வெங்காயச் செய்கைக்காக மனைவியின் காப்பும் சங்கிலியும் அடைவுக்குச் செல்கின்றன. வட்டி எவ்வளவு, மீட்கும் தவணை எப்போது என்பதை அணிந்தவள் அறிகின்றாளா? சீதன உறுதியின் பரப்பையும் எல்லைகளையும் உரியவள் ஒருமுறையேனும் வாசித்ததுண்டா?

கமக்காரப் பெருமக்களே, அடைவுச் சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் மனைவியின் முன் விரித்து வையுங்கள். பெற்றோரே, உறுதியை மருமகனிடமன்று, மகளிடம் கொடுங்கள். காணிப் பதிவகத்துக்கு அவளையும் அழைத்துச் செல்லுங்கள். நொத்தாரிசுமாரே, உறுதியை வாசித்து விளக்குதல் உங்கள் சட்டக் கடமை. அதனை வெறும் சடங்காக்கிவிடாதீர்கள். தாய்மாரே, ஆண்டு வட்டியைக் கணக்கிட்டு அறியாமல் எத்தாளிலும் கையெழுத்திடாதீர்கள்.

ஓர் இனத்தின் உரிமையைக் கேட்போர், தம் வீட்டிலுள்ள பாதிப்பேரின் உரிமையை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தல் நீதியாகாது. பெட்டியின் திறப்பு ஒன்று அவள் கையிலும் இருக்கட்டும்.