அச்சு வார்த்தோர்

ஒரகடத்து ஊர்தித் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய உறுப்புகள் பல, உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்யப்படுபவை. தமிழ் நூலும் ஒருகாலத்தில் அவ்வாறே வார்ப்புப் பட்டறையைச் சார்ந்திருந்தது. சமயத் தொண்டர்களைப் போற்றும் நாம் அவர்தம் பட்டறையை மறந்துவிடுகிறோம். இது பெருங்குறை என்பேன்.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தம் இல்லத்திலேயே திண்ணைப்பள்ளியை நடத்தச் செய்து, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதிப் பயின்றார். அவருக்கு எழுத்தறிவித்த முதிய ஆசிரியரை இன்று நினைப்போர் எத்தனை பேர்? டேனியக் கோட்டையில் அவர் நான்கு திங்கள் சிறையிருந்ததும் உண்டு.

தமிழ் அச்சு 1578இலேயே கொல்லத்தில் தொடங்கிவிட்டது. ஆயினும் தரங்கம்பாடியின் இடர் வேறு. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, தாளை விழுங்கின. தாளோ கடல்கடந்து வரவேண்டும். ஆகவே பொறையாற்றில் சிற்றெழுத்துகள் வார்க்கப்பட்டன. தாள் ஆலையும் எழுந்தது. 1715இல் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. இறைப்பற்று மட்டும் இதைச் செய்திருக்காது. ஈயத்தோடும் தாளோடும் போராடிய கைத்திறனும் வேண்டியிருந்தது.

பழைய ஏற்பாட்டை ரூத்து வரை மொழிபெயர்த்த சீகன்பால்கு, 1719இல் தம் 36ஆம் அகவையில் மறைந்தார். எஞ்சியதைப் பின்வந்த பெஞ்சமின் சூல்ச் முடித்தார்.