ஞாபக மாத்திரைக்குக் கொடுக்குற காசுல ஒரு நல்ல செருப்பு வாங்குங்க

1/
"அம்மாவுக்கு மறதி ஜாஸ்தியா இருக்கு டாக்டர், ஞாபக சக்திக்கு ஏதாவது மாத்திரை எழுதிக் குடுங்க." ஓபியில் வாரம் தவறாமல் கேட்கிற வரி. பரீட்சை நெருங்கினால் "பையன் பிளஸ் டூ, ஒரு டானிக்" என்று மாறும். ரெண்டுக்கும் என் பதில் ஒண்ணுதான்: எழுத மாட்டேன். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்க. முன்பக்கம் மூளை படம் போட்டு "நினைவாற்றல், கவனம், கூர்மை" என்று இருக்கும். துணை உணவாக விற்கப்படுவது என்றால், "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகமும் ஆங்கிலத்தில் இருக்கும். அது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. விற்கிறவரே இது மருந்து இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டார். நாமதான் மருந்து மாதிரி வேளை தவறாம முழுங்குறோம்.

3/
இந்த டப்பாக்கள் பலவற்றில் இருப்பது ஜிங்கோ பிலோபா. அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தாச்சு. அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேர். பாதிப் பேருக்கு ஜிங்கோ 120 மி.கி., தினம் ரெண்டு வேளை. மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. சராசரியாக 6 வருஷம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2008-ல் வந்தது. டிமென்ஷியா வந்தவர்கள்: போலி மாத்திரை குழுவில் 246, ஜிங்கோ குழுவில் 277. அதாவது தடுக்கவே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம் வேற.

4/
"அப்போ வல்லாரை?" நாம வல்லாரை என்பதும், மாத்திரைகளில் பிராமி என்று வரும் நீர்ப்பிரம்மியும் வேறு வேறு செடிகள். நீர்ப்பிரம்மியில் சில வாரங்கள் நடந்த சின்னச் சின்ன ஆய்வுகள் உண்டு. சில ஞாபகத் தேர்வுகளில் லேசான முன்னேற்றம் காட்டின. அதிலிருந்து "மறதி நோயைத் தடுக்கும்" என்று தாவுவது வியாபாரம். வல்லாரைத் துவையல் அரைச்சு தாராளமா சாப்பிடுங்க, நல்ல கீரை. அதை கேப்ஸ்யூலாக்கி நூறு மடங்கு விலைக்கு வாங்காதீங்க.

5/
இப்போ நடைக்கு வருவோம். 2011-ல் ஓர் ஆய்வு. 55 முதல் 80 வயது வரை 120 பேர். ஒரு குழு வாரம் 3 நாள், 40 நிமிஷம் வேகமாக நடந்தது. இன்னொரு குழு கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தது. ஒரு வருஷம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தால், நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதி நடந்தவர்களுக்கு 2% பெருசாகியிருந்தது. மற்றவர்களுக்கு 1.4% சுருங்கியிருந்தது.

6/
உடனே "நடந்தா டிமென்ஷியா வராது"ன்னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அதுவும் பொய்தான். 70 வயது தாண்டிய 1,635 பேரிடம் 2 வருஷம் உடற்பயிற்சி செய்ய வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2015-ல் வந்தது. மூளைத்திறன் தேர்வுகளில் வித்தியாசமே தெரியவில்லை.

7/
அப்போ நடையும் மாத்திரையும் ஒண்ணுதானா? இல்லை. அதே 1,635 பேரில், உடற்பயிற்சி செய்த குழுவில் நடமாட்டம் முடங்கிப் போனவர்கள் குறைவு. நடை மூளைக்கு உதவாமல் போனாலும் காலுக்கும் இதயத்துக்கும் உதவும். மாத்திரை உதவாமல் போனால் மிச்சம் காலி டப்பாதான்.

8/
நடையோடு மற்றதும் சேர்ந்தால் மூளைக்கும் பலன் கிடைக்குது. பின்லாந்தில் 60-77 வயதுள்ள 1,260 பேர். உடற்பயிற்சி, சாப்பாடு, மூளைப் பயிற்சி, பிபி-சுகர் கண்காணிப்பு எல்லாம் சேர்த்து 2 வருஷம் செய்த குழு, மூளைத்திறன் தேர்வுகளில் மற்றவர்களை விட முன்னேறியது. காரணம் மாயம் இல்லை. உடல் எடையில் 2% இருக்கும் மூளை, ஆக்சிஜனில் 20% எடுத்துக்கொள்கிறது. ரத்தக்குழாய் கெட்டால் மூளை கெடும். பிபியும் சுகரும்தான் அந்தக் குழாய்களைக் கெடுக்கிறது.

9/
என் கோபம் காசுக்காக மட்டும் இல்லை. "மாத்திரைதான் குடுக்குறோமே" என்ற நிம்மதியில் ஒரு வருஷம் போயிடுது. அந்த மறதிக்குப் பின்னால் பி12 குறைபாடு இருக்கலாம். சுத்த சைவம் சாப்பிடுபவர்களுக்கும், சுகருக்கு வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் இது வரும். தைராய்டு குறைவாக இருக்கலாம். மன அழுத்தமா இருக்கலாம். தூக்க மாத்திரையின் வேலையா இருக்கலாம். காது சரியாகக் கேட்காததால் சொன்னது பதியாமல் போயிருக்கலாம். இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. பி12 குறைவுன்னு டெஸ்ட்ல தெரிஞ்சா, பி12 நானே எழுதுவேன். குறையைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தால் சிகிச்சை. கண்டுபிடிக்காமல் கொடுத்தால் வியாபாரம்.

10/
"அம்மா நாள் பூரா வீட்டு வேலை செய்றாங்களே, அதுவே எக்சர்சைஸ்தானே?" இதைச் சொல்வது பெரும்பாலும் அந்த வேலையில் பங்கெடுக்காதவர்கள். அடுப்படியில் நின்றுகொண்டே இருப்பது மூச்சு வாங்க நடப்பது ஆகாது. அவங்களுக்கு நடக்க நேரம் வேணும்னா, அந்த அரை மணி நேரம் சமையலறையில் வேற யாராவது நிக்கணும். மாத்திரை ஏன் நல்லா விக்குதுன்னு இப்போ புரியுதா? அது வீட்டில் யாருடைய நேரத்தையும் கேட்பதில்லை.

11/
சக மருத்துவர்களுக்கும் ஒன்று. "அவங்க கேக்குறாங்க, திருப்திக்கு ஒண்ணு எழுதினேன்" என்பது காரணமே இல்லை. நம்ம கையெழுத்து இருந்தால் அது மருந்துன்னு ஜனங்க நம்புறாங்க.

12/
செய்ய வேண்டியது:
• பிபி, சுகர், பி12, தைராய்டு டெஸ்ட்.
• காதும் கண்ணும் ஒருமுறை பரிசோதனை.
• சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் டாக்டரிடம் காட்டுங்க.
• வாரம் 150 நிமிஷம் நடை. பேச முடியணும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். மூட்டு வலி, நெஞ்சு வலி இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்க.
• வழி மறப்பது, பணக் கணக்கு குழம்புவது, குணம் மாறுவது இருந்தால் காத்திருக்காதீங்க, நரம்பியல் மருத்துவரைப் பாருங்க.
• பிளஸ் டூ பிள்ளைக்கு: டானிக் வேண்டாம். ராத்திரி தூக்கமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாட்டும் கொடுங்க.

அடுத்த மாசம் அந்த டப்பா தீரும்போது புதுசு வாங்காதீங்க. அம்மாவைக் கூட்டிட்டுப் போய் ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுங்க. முதல் வாரம் நீங்களும் கூட நடங்க.