பவளம் அலங்காரப் பொருளன்று

வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசையா? பவளம் கல்லும் அன்று, செடியும் அன்று. அது ஒரு விலங்கு. அதன் திசுக்களில் வாழும் நுண்பாசிகள்தாம் ஒளிச்சேர்க்கை செய்து அதற்குப் பெரும்பகுதி உணவைத் தருகின்றன. நீர் பல நாள்களுக்கு அளவுமீறிச் சூடானால் பவளம் அப்பாசிகளை இழந்து வெளுக்கும். அந்நிலை நீடித்தால் பட்டினியால் மடியக்கூடும்.

சிங்கப்பூர் வெப்பத்தில் விளக்கும் பம்பும் சேர்ந்தால் சிறிய தொட்டி 30 டிகிரி செல்சியஸை எளிதில் தாண்டும். எனவே, நீரை 26 டிகிரி அளவில் வைத்திருக்கும் சில்லர் இல்லாமல் பவளம் வாங்குவது தவறு என்பேன்.

அவசரமும் ஆபத்தே. புதுத் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் மறையச் சில வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருங்கள். கடலில் பெயர்த்ததைத் தவிர்த்து, பண்ணையில் வளர்ந்த துண்டையே கேட்டு வாங்குங்கள். காத்திருக்க மனமில்லையா? பவளம் கடலிலேயே இருக்கட்டும்.