வட்டப்பாறையும் விளையாட்டுக் கணக்கும்

திருவாமாத்தூர் வட்டப்பாறைக் கதை நண்பர்கள் அறிந்ததே. தம்பியின் பங்கைப் பொன்னாக்கிக் கைத்தடிக்குள் ஒளித்த அண்ணன், தடியைத் தம்பி கையிலேயே கொடுத்துவிட்டு, 'என்னிடம் ஒன்றுமில்லை' என்று பாறைமேல் சத்தியம் செய்தான். சொல் மெய், செயல் களவு.

இணைய விளையாட்டு நிறுவனங்களின் ஒப்பந்தமும் அந்தக் கைத்தடிதான். வெளியே 'வாங்குக' என்றிருக்கும். உள்ளே 'உரிமம் மட்டுமே' என்றிருக்கும். 2015 ஜனவரியில் யுபிசாஃப்ட், இடைத்தரகரிடம் வாங்கப்பட்ட ஃபார் க்ரை 4 குறியீடுகளை முடக்கியது. திருட்டுக் கடனட்டையில் பெறப்பட்டவை என்றது. கூச்சல் எழுந்ததும், ஆடத் தொடங்கியிருந்தோருக்குத் திருப்பிக் கொடுத்தது. கொடுக்க முடிந்ததை ஏன் பறித்தார்கள்?

திருட்டுக் குறியீட்டுக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. அறியாது வாங்கியவனின் கணக்கையே மூடி, அவன் முறையாக வாங்கிய மற்ற ஆட்டங்களையும் விழுங்குவதைத்தான் எதிர்க்கிறோம். 'விதியில் இருக்கிறதே' என்று பணிந்துபோகும் நம்மவரிடமும் நமக்குக் கோபம் உண்டு.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(46), தக்க காரணமின்றி ஒருதலையாக முறிக்க இடந்தருவதை நேர்மையற்ற ஒப்பந்தம் என்கிறது. அவ்விதியைச் செல்லாதென அறிவிக்க மாநில ஆணையத்தால் இயலும். சேவைக் குறைபாடென்றால் விழுப்புரம் மாவட்ட ஆணையமே போதும். நிறுவனம் எங்கிருந்தாலும் நாம் வசிக்குமிடத்தில் வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை. குறியீட்டை விற்ற தரகரையும் எதிர்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ரசீதையும் முடக்க அறிவிப்பையும் அழித்துவிடாதீர்கள்.

அண்ணனைப் பாம்பு தீண்டியதாம். நமக்குச் சட்டம் தந்திருக்கும் கெடு 2 ஆண்டு.