ஒரு பெண்பிள்ளையின் மாலைநேரம் யாருக்குச் சொந்தம்?

மூன்று தசாப்தகாலப் போர் 2009 மே மாதத்தில் முடிவுக்கு வந்த பின்னர் அதைப் பற்றி எழுதப்பட்ட நூல்களையும் ஆணைக்குழு அறிக்கைகளையும் மனித உரிமை ஆவணங்களையும் ஓரிடத்தில் அடுக்கினால் ஒரு கிராமத்து நூலகமே நிறைந்துவிடும். அவற்றில் தமிழ் இளம்பெண் இல்லை என்று எவரும் குறைகூற முடியாது. போராளியாக வருகிறாள், அகதியாக வருகிறாள், காணாமல்போனவரின் சகோதரியாக, இளம் விதவையாக, சாட்சியாக வருகிறாள். ஆனால், அந்தப் பெண் எந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு கிணற்றடியில் தண்ணீர் அள்ளினாள், பாடசாலை விட்டு வந்த பிறகு என்ன செய்தாள், ஆண்டின் எந்த மாதத்துக்காக ஆசையோடு காத்திருந்தாள் என்பவற்றை அறிய விரும்பும் ஒருவர் அந்த நூலகத்தில் நெடுநேரம் தேட வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் அறிந்து என்ன ஆகப்போகிறது என்று சிலர் கேட்கக்கூடும். உயிர்களும் நிலங்களும் பறிபோன ஒரு சமூகத்தில் பாட்டும் பூவும் பொழுதுபோக்கும் பேசுவதற்குரிய விடயங்களா என்ற கேள்வி நியாயமானதாகவும் தோன்றலாம். பேச வேண்டிய விடயங்களே என்பது எனது கருத்து. ஒரு சமூகம் பெண்பிள்ளை ஒருத்திக்கு, எந்தப் பயனையும் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒரு மணிநேரத்தைக் கொடுக்கிறதா என்பது அந்தச் சமூகத்தில் சமாதானம் நிலவுகிறதா என்பதை அறிவதற்கான அளவுகோல்களில் ஒன்று.

ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன்னர் ஜப்பானின் பேரரசி தெய்ஷியின் அரண்மனையில் பணிபுரிந்த செய் ஷோனகன் என்ற பெண் தனக்குப் பிடித்தவை, எரிச்சலூட்டுபவை, ஒவ்வொரு பருவத்திலும் மனதைக் கவரும் வேளைகள் என்று சிறுசிறு குறிப்புகளாக எழுதிவைத்தார். ‘தலையணைப் புத்தகம்’ என்று அழைக்கப்படும் அந்த நூலில் பெரும் போர்களோ அரச தந்திரங்களோ இல்லை. ஆனால், அந்தக் காலத்து அரண்மனை வாழ்வைப் புரிந்துகொள்ள விரும்புபவர்கள் இன்று முதலில் தேடிப் படிக்கும் நூல்களில் ஒன்றாக அது விளங்குகிறது. ஒரு பெண்ணின் அன்றாட இரசனை அற்பமானது என்று அன்று ஒதுக்கப்பட்டிருந்தால் உலகம் எதை இழந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

எமது பக்கத்தில் அத்தகைய ஒரு புத்தகம் இல்லை. ஆனால், அதை எழுதுவதற்கான வாழ்க்கை இருந்தது. 1970 களிலும் 1980 களின் ஆரம்பத்திலும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு என்பது நாட்காட்டியில் அன்றி காற்றிலும் பழத்திலும் பண்டிகையிலும் கழிந்தது. சித்திரை வருடப் பிறப்புக்கு வேப்பமரத்திலோ மாமரத்திலோ ஊஞ்சல் கட்டப்படும். பிறகு கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலம். ஆடி முதலாம் திகதி கூழும் கொழுக்கட்டையும். அப்போது சோளகக் காற்று தெருப்புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். அதைத் தொடர்ந்து நல்லூர்க் கந்தனின் திருவிழா. அந்த இருபத்தைந்து நாட்களில் சாமி கும்பிடுவதற்குச் சமமான முக்கியத்துவம் காப்புக் கடைக்கும் கச்சான் கடைக்கும் இருந்தது என்பதைப் பக்தர்கள் மன்னிப்பார்கள். பனம்பழம் விழத் தொடங்கினால் பனங்காய்ப் பணியாரம். புரட்டாதியில் நவராத்திரி. மாரிமழையோடு கார்த்திகை விளக்கீடு. மார்கழியில் திருவெம்பாவைக்கு விடியுமுன் எழுந்து குளிரில் தோழிகளோடு கோயிலுக்குப் போவதில் இருந்த சுதந்திரம் வேறு எந்த மாதத்திலும் பல வீடுகளில் அனுமதிக்கப்பட்டதில்லை. தையில் பொங்கலும் பனங்கிழங்கும்.

இவற்றுக்கு இடையில் அன்றாடப் பொழுதுபோக்குகள். இலங்கை வானொலியில் காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ ஒலிக்கும்போது வேலைகள் அதன் தாளத்துக்கு நடந்தன. பாடல்களைக் கேட்டுக் கேட்டு, விடுபட்ட வரிகளை மறுநாள் தோழியிடம் கேட்டு நிரப்பி, சீ.ஆர். கொப்பியில் எழுதி வைக்காத பெண்பிள்ளைகள் குறைவு. பாடசாலையின் இறுதி வகுப்பில் ஓட்டோகிராப் கைமாறும். துணியில் பூவேலை செய்வதும் மருதோன்றி அரைத்துக் கையில் அப்பிக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் இருப்பதும் உண்டு. கடைசியாகக் கூறியதை நான் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன். கையில் மருதோன்றி காயும் வரை அந்தப் பெண்ணை எவரும் வேலை ஏவ முடியாது. அது அவளுக்கே சொந்தமான நேரம்.

அந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சித்தரிப்பது எனது நோக்கம் அல்ல. நான் மேலே கூறியவை எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் கிடைத்தவை அல்ல. சாதியின் பெயரால் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் திருவிழா என்ன மகிழ்ச்சியைக் கொடுத்திருக்க முடியும்? மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968 ஆம் ஆண்டில்தான். புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் கூலிவேலை செய்த வீடுகளின் பிள்ளைகளுக்கு மாலைநேரம் என்பது வேலையின் தொடர்ச்சியாகவே இருந்தது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதிகாலையில் எழும் இளம்பெண்ணின் நிலையைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். வசதியான வீடுகளிலும்கூட, பெரியபிள்ளையான பிறகு பெண்ணின் உலகம் படலையோடு சுருங்கியது. ஆகவே, ஓய்வும் மகிழ்ச்சியும் அன்றே சமமாகப் பங்கிடப்பட்டிருக்கவில்லை. இருந்தவற்றையும் போர் பறித்தது என்பதே உண்மை.

அந்தப் பறிப்பு ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் ஓர் இரவில் எரித்துச் சாம்பராக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசும்போது அங்கிருந்த சுமார் 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் நினைவுகூருகிறோம். குடும்பத்தவர்கள் ‘எங்கே போகிறாய்?’ என்று கேட்டால் ‘லைப்ரரிக்கு’ என்று பதில் சொல்லிவிட்டு ஓர் இளம்பெண் தனியாகப் போகக்கூடியதாக இருந்த மிகச்சில பொது இடங்களில் ஒன்றும் அன்றிரவு எரிந்தது என்பதை எவரும் எழுதக் காணோம்.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. எரிபொருளுக்கும் பட்டரிக்கும் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெயை மிச்சப்படுத்துவதற்காக ஜாம் போத்தலில் திரிவைத்து விளக்கேற்றிப் படித்த தலைமுறை அது. சவர்க்காரம் எட்டாத விலைக்குப் போனபோது பணியாரம் சுடவேண்டிய பனம்பழத்தைத் துணி துவைக்கப் பயன்படுத்தினார்கள். ஆனாலும் இளமை தனது வழியைக் கண்டுபிடிக்கத் தவறவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலியில் பாட்டுக் கேட்டார்கள். சுற்றுபவரின் கை தளர்ந்தால் பாட்டும் தளரும். எரிபொருள் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் பெண்களின் சைக்கிள் யாழ்ப்பாணத்துத் தெருக்களின் வழமையான காட்சியாகியது. தடையின் விளைவாக வந்த ஒரு சுதந்திரம் அது.

அந்தச் சுதந்திரத்துக்கும் விலை கொடுக்க நேர்ந்தது. 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்த கிருஷாந்தி குமாரசுவாமி செம்மணி காவலரணில் படையினரால் மறிக்கப்பட்டு, வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச்சென்ற தாயாரும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டனர். 1998 ஆம் ஆண்டில் படையினர் சிலருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்ட அந்த வழக்கின்போதுதான் செம்மணிப் புதைகுழிகள் பற்றிய தகவல் வெளியானது. செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் 2025 ஆம் ஆண்டு நடத்தப்பட்ட அகழ்வில் எலும்புக்கூடுகளோடு பாடசாலைப் புத்தகப்பை ஒன்றும் ஒரு பொம்மையும் காப்புகளும் வெளிவந்தன. எலும்புகள் மரணத்தின் சான்று. அந்தப் பொருட்களோ வாழ்க்கையின் சான்று. உலகத்தை உலுக்கியவை எவை என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

படைகள் மட்டும்தான் இளம்பெண்களின் காலத்தைப் பறித்தன என்று எழுதினால் அது பாதி உண்மையாகவே இருக்கும். 1995 அக்டோபர் 30 ஆம் திகதி சில மணிநேர அறிவித்தலில் வலிகாமத்து மக்களை வெளியேறுமாறு பணித்தவர்கள் விடுதலைப்புலிகள். மழையில் நடந்த அந்த இடப்பெயர்வில் நகையும் காணி உறுதியும் எடுத்துச்செல்லப்பட்டன. பாட்டுக் கொப்பிகள் வீடுகளிலேயே கிடந்தன. 2006 ஆம் ஆண்டுக்குப் பிறகு வன்னியில் கட்டாய ஆட்சேர்ப்பு தீவிரமடைந்தபோது, பிள்ளையைக் காப்பாற்றுவதற்குப் பெற்றோர் கண்ட வழிகளில் ஒன்று அவசரத் திருமணம். படித்துக்கொண்டிருந்த சிறுமிகளின் கழுத்தில் தாலி ஏறியது. போருக்கும் திருமணத்துக்கும் இடையே இருந்திருக்கவேண்டிய ஒரு பருவமே அவர்களுக்கு இல்லாமற்போனது.

துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னர் காணிகளை விடுவிக்குமாறு கோருகிறோம், கோரத்தான் வேண்டும். ஆனால், பெண்பிள்ளைகளின் மாலைநேரத்தை விடுவிப்பது யார்? அதை அரசாங்கத்திடம் மாத்திரம் கேட்க முடியாது. ஏனென்றால், அது இப்போது எமது வீடுகளிலேயே தடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. போர்க்காலத்தில் ‘ஆறு மணிக்கு முன்னர் வந்துவிடு’ என்று தாய்மார் சொன்னது உயிர்ப்பயத்தினால். காவலரண்கள் பெருமளவில் அகற்றப்பட்டு ஆண்டுகள் பல கடந்த பிறகும் அதே கட்டளை தொடர்கிறது. பயம் வழக்கமாகி, வழக்கம் பண்பாடு என்று பெயர் பெற்றுவிட்டது.

இன்றைய மாணவி ஒருத்தியின் நாளைப் பாருங்கள். விடியற்காலையில் தனியார் வகுப்பு, பிறகு பாடசாலை, மாலையில் மீண்டும் வகுப்பு, இரவில் வீட்டுவேலையில் உதவி. அவளுடைய தம்பிக்கு விளையாட்டு மைதானம் இருக்கிறது. அவள் தோழிகளோடு கடற்கரையில் நின்று எடுத்த ஒரு படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டால், ‘கலாசாரம் சீரழிகிறது’ என்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்துகூடக் கண்டனம் வருகிறது. தங்களது பிள்ளைகளை நீச்சலுக்கும் நடனத்துக்கும் தாங்களே வாகனத்தில் ஏற்றி இறக்குபவர்கள் ஊரில் இருக்கும் பெண்பிள்ளையிடம் மாத்திரம் பண்பாட்டின் முழுப் பொறுப்பையும் சுமத்துவது என்ன நியாயம்?

தெல்லிப்பளை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் கால்பந்தாட்டத்தில் வென்றபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். அது நியாயமான பெருமை. ஆனால், பதக்கம் வராவிட்டால் அந்த விளையாட்டுக்கு மதிப்பு உண்டா? பரிசு பெறாத பாட்டுக்கும் அரங்கேறாத நடனத்துக்கும் வருமானம் தராத தையலுக்கும் இடம் உண்டா? சாதனையாக மாறினால் மாத்திரமே பெண்ணின் பொழுதுபோக்கை அங்கீகரிப்போம் என்றால் அதையும் இன்னொரு வேலையாகவே மாற்றிவிடுகிறோம்.

ஓய்வும் பொழுதுபோக்கும் மனித உரிமை என்று 1948 ஆம் ஆண்டின் சர்வதேச மனித உரிமைகள் பிரகடனத்தின் 24 ஆவது உறுப்புரை கூறுகிறது. விளையாடுவதற்கான உரிமையை உள்ளடக்கிய சிறுவர் உரிமைகள் சாசனத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது 1991 ஆம் ஆண்டில், அதாவது யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்துகொண்டிருந்தபோது. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017 ஆம் ஆண்டில் நாடளாவிய ரீதியில் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வு, ஊதியமற்ற வீட்டுவேலைகளின் சுமை ஆண்களை விடவும் பெண்களின் மீதே பெருமளவுக்கு விழுகிறது என்பதைக் காட்டியது. எமது வீடுகளின் அடுப்படியை எட்டிப்பார்ப்பவர்களுக்கு இதற்குப் புள்ளிவிபரம் தேவைப்படாது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வடக்கில் சனசமூக நிலையம் இல்லாத ஊர் அரிது. அங்கே பத்திரிகை வாசிப்பவர்களும் கரம் விளையாடுபவர்களும் பெரும்பாலும் ஆண்களே. பெண்களுக்கு எழுதப்பட்ட தடை எதுவும் கிடையாது. எழுதப்படாத தடையே போதுமானதாக இருக்கிறது. அந்த நிலையங்களின் நிருவாகக் குழுக்களில் இளம்பெண்களைச் சேர்த்து, மாலையில் அவர்களும் தயக்கமின்றி வந்துபோகும் இடமாக மாற்றுவதற்குச் சட்டமோ நிதியோ தேவையில்லை. பிரதேச சபைகள் தெருவிளக்குகளைப் பொருத்தினால், கடைசி பஸ் ஒரு மணிநேரம் பிந்தி ஓடினால், பெற்றோரின் பயத்தில் பாதி குறையும். ஊர்ச் சங்கங்களின் ஊடாகக் கோபுரங்களுக்கும் மண்டபங்களுக்கும் பணம் அனுப்பும் புலம்பெயர்ந்த உறவுகள், பெண்பிள்ளைகள் பந்து விளையாட ஒரு மைதானத்துக்கும் மனம் வைக்கலாம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அந்த டைனமோ வானொலியில் பாட்டுக் கேட்ட பெண்பிள்ளைகள் இன்று நடுத்தர வயதினராக உலகம் முழுவதும் பரந்து வாழ்கிறார்கள். அவர்களிடம் பிள்ளைகள் கேட்பதெல்லாம் குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் பற்றித்தான். எந்தப் பாட்டுகளை எழுதி வைத்தீர்கள், யாரோடு ஊஞ்சல் ஆடினீர்கள், திருவிழாவில் என்ன நிறக் காப்பு வாங்கினீர்கள் என்றும் கேளுங்கள். கேட்டு எழுதி வையுங்கள். துன்பத்தை மாத்திரம் ஆவணப்படுத்தும் ஒரு சமூகம், தான் எதைத் திரும்பப் பெறுவதற்காகப் போராடவேண்டும் என்பதையே நாளடைவில் மறந்துபோகும்.